கோடை வேலைக்கு மெயில் போடுகிற பிள்ளைகளுக்கு

குழுவில் உள்ள கல்லூரிப் பிள்ளைகளே, கானாடுகாத்தான் பக்கம் ஓட்டலாக்கிய ஒரு பழைய வீட்டில் மெயில் பார்க்கிற வேலை எனக்கு. நேற்று வந்த ஒன்று: “ஹாய் சார், ஜாப் இருக்கா?” சப்ஜெக்ட் காலி, பெயர் இல்லை, ஊர் இல்லை. அனுப்பிய முகவரியில் ஒரு நடிகர் பெயரும் ‘வெறியன்’ என்ற பட்டமும். இதற்கு யார் பதில் போடுவார்?

சப்ஜெக்டிலேயே “மே மாத வேலை குறித்து” என்று எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். உள்ளே இவ்வளவு போதும்:

“ஐயா, காரைக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே முழுக்க விடுமுறை. டாலி, எக்செல் தெரியும். கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டால் நேரில் வந்து பார்க்கிறேன்.”

கீழே போன் நம்பர். குடும்பக் கஷ்டமெல்லாம் முதல் மெயிலில் வேண்டாமே.

இன்னொன்று. வெளியூர் விருந்தினர் கூட்டம் டிசம்பர், ஜனவரியில்தான். மே வெயிலில் கைடு வேலை கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஸ்டாக் கணக்கு, இன்ஸ்டாகிராமுக்குப் படம் எடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். ஆத்தங்குடி தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைகளுக்கு மெயிலே வேண்டாம், நேரில் போங்கள். கண்ணாடி மேல் கலர் சிமெண்ட் ஊற்றிக்கொண்டிருப்பவர் இன்பாக்ஸைத் திறப்பாரா என்ன?

ரெஸ்யூமே பி.டி.எஃப். ஆக இருக்கட்டும், ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், சரியா? அனுப்பும் முன் எனக்குத் தனியாகப் போட்டால் திருத்தித் தருகிறேன், இரவு 8 மணிக்கு மேல்.