மாலை ஆறு மணிக்குத் திறக்கும் ஓர் அறைக்காக

அன்புடையீர்,

குடியை நிறுத்தியவர்கள் மாலை 6 முதல் 10 வரை வந்து உட்கார ஓர் அறை எடுக்கப்போகிறோம். வாடகைக்குப் பணம் வேண்டும், சில பொருட்கள் வேண்டும், வாரத்தில் 4 மணி நேரம் தரக்கூடிய ஆட்கள் வேண்டும்.

இது சிகிச்சை மையம் அல்ல. குடியை நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு ஆபத்து முதல் 48 மணி நேரத்தில் அதிகம். கடும் மனக்குழப்பமும் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் பெரும்பாலும் 2 முதல் 4 நாளுக்குள் வரும். தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது. குடியை நிறுத்தவைப்பது மருத்துவமனையின் வேலை. ஒரு வாரம், பத்து நாளில் அது முடிந்துவிடும். எங்கள் அறை அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு.

வீட்டார் "அப்பாடா" என்று நிமிரும்போதுதான் குடியை விட்டவருக்குத் தூக்கம் கெடுகிறது, சிலருக்கு மாதக்கணக்கில். எரிச்சல், எதிலும் ஒட்டாத மனம், முன்பு குடிக்கப் போன அதே நேரத்தில் கால்கள் தாமாகக் கிளம்புவது. "அதான் விட்டாச்சே, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கே?" என்ற ஒரு கேள்வி போதும், திரும்பிப் போக. குடியால் வந்த மனச்சோர்வு பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் தணியும். தணியாவிட்டால் அது தனி நோய், தனியாக வைத்தியம் பார்க்கவேண்டும். அதனால் நான்காம் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் மறுபடி விசாரிப்போம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ வாரக்கணக்கு எதுவும் கிடையாது. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போவோம்.

குடி வேட்கை அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் இறங்கிவிடும். மேசைமேல் ஒரு டைமர் இருக்கும். வந்தவர் அதை 20 நிமிடத்துக்குத் திருகிவைப்பார், தண்ணீர் குடிப்பார், பக்கத்தில் இருப்பவர் நான்கே கேள்வி கேட்பார்: பசியா, கோபமா, தனிமையா, அசதியா? பாதி நேரம் பதில் பசிதான். அதனால் சாப்பிட எப்போதும் ஏதாவது இருக்கவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

கை கழுவ சோப்பு தாருங்கள். ஆல்கஹால் கலந்த சானிடைசர் வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு அதுவும், ஆல்கஹால் உள்ள மவுத்வாஷும் இருமல் மருந்தும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. குடி வேட்கையைத் தணிக்கும் அகாம்ப்ரோசேட் மாத்திரை வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. மதிய வேளைதான் தவறும். ஆகவே நாளுக்கு மூன்று வீதம் ஒரு வாரத்துக்கு 21 சிறு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டிகள் 40 தேவை. காலிப் பெட்டி மட்டும். மாத்திரையை நாங்கள் வாங்கவோ வைத்திருக்கவோ மாட்டோம்.

ஒரு மாலைக்கு இரண்டு பேர் இருந்தாகவேண்டும். ஒருவர் உடைந்து அழுபவரோடு வெளியே போனால் அறையில் இன்னொருவர் வேண்டுமே. ஏழு நாளுக்கு 14 பேர். காய்ச்சல், பயணம் என்று யாராவது வராமல் போவார்கள், அதனால் 18. தாங்களே குடியிலிருந்து மீண்டவர்கள் என்றால் ஓராண்டாவது ஆகியிருக்கவேண்டும். தொலைபேசியும் இரண்டு: எடுக்கப்படாத அழைப்பைவிட மோசமான பதில் கிடையாது.

குடித்துவிட்டு வருபவரை விரட்டமாட்டோம், முன்னறையில் உட்காரவைப்போம். நாள்தோறும் குடிக்கத் தொடங்கியிருந்தால், சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம்.

பணம் கூட்டுக் கணக்கில் சேரும். இரண்டு கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது, வரவு செலவு மாதாமாதம் அறைச் சுவரில் ஒட்டப்படும். வருபவர்களின் பெயரோ படமோ எந்த அறிக்கையிலும் வராது. மது விற்கும் நிறுவனங்களின் பணம் வாங்கமாட்டோம். மொத்தமாக ஒரு தொகையைவிட மாதந்தோறும் சிறு தொகை எங்களுக்கு மேல், ஏனென்றால் திறந்து மூன்று மாதத்தில் மூடும் அறை, திறக்காத அறையைவிடக் கெடுதல். ஆறு மாத வாடகை கையில் சேர்ந்த பிறகே சாவி வாங்குவோம்.

ஒரு வேண்டுகோள்: அறைக்கு வருபவர் கையில் இரக்கப்பட்டு ரொக்கம் கொடுத்துவிடாதீர்கள். தொடக்க நாட்களில் பையில் இருக்கும் பணமே வேட்கையைக் கிளப்பும். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அறைக் குழுவினர்