தேடி வராத உலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில், மாநில அளவிலான மருத்துவ இதழ்களை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, தரம் இருந்தால் உலகம் தானே தேடி வந்திருக்கும் என்று ஒரு வரி வந்தது. எழுதியவருக்கு உலகத்தின் மீதுள்ள நம்பிக்கை வாழ்க.

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை துர்கா பிறந்தது தாங்கள் அறியாததல்ல. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான இங்கிலாந்தின் லூயிஸ் பிரவுனுக்கு 70 நாள் இளையவள். மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் பயன்படுத்தியது உறைய வைத்துப் பாதுகாத்த கரு. அவருடைய குறிப்பு வெளியானது ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ்’ என்ற சிறிய இதழில். அவர் சொன்னதை விசாரித்த அரசுக் குழு அவரை நம்பவில்லை என்பது உண்மை. அந்தக் குறிப்பு ஆய்வுலகத்தில் அப்போது பரவலாகப் பேசப்படவில்லை என்பதும் உண்மை. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1997-இல் அறிவியலர் டி.சி.ஆனந்த குமார் அவருடைய ஆவணங்களைப் படித்துக் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய பிறகுதான் அவருக்கு அங்கீகாரம் வந்தது. தரம் இருந்தது. உலகம் தேடி வரவில்லை.

இன்று தேடி வருவது மனிதர் அல்ல, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் எந்திரம். அதற்குத் தரம் தெரியாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம், தனி பிடிஎஃப், 5 எம்பி-க்கு உட்பட்ட அளவு, தேடினால் கிடைக்கும் எழுத்து, பக்கத்தில் எந்திரம் படிப்பதற்கென்றே உள்ள தலைக்குறிப்பில் தலைப்பு, ஆசிரியர், தேதி ஆகியவை மட்டும் அதற்கு வேண்டும். நம் சங்க இதழ்களோ முழு இதழையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. ஸ்கேன் என்பது படம். எழுத்தறிதல் மென்பொருளில் ஓட்டாவிட்டால் அதில் ஒரு சொல்கூட எந்திரத்துக்குக் கிடைக்காது. தமிழ்ச் சுருக்கம் சேர்க்கும் நல்லவர்களும் பாமினி எனும் பழைய எழுத்துருவில் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், எந்திரத்துக்கு உளறல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை வந்து எத்தனை காலமாயிற்று!

அடுத்து நம் முன்னெழுத்துகள். கே.முருகன், முருகன் கே., முருகன் கந்தசாமி என்று ஒரே மருத்துவர் மூன்று கட்டுரைகளில் மூன்று விதமாகக் கையெழுத்திட்டால் தரவுத்தளத்துக்கு அவர் மூன்று ஆள். மேற்கோள்களும் மூன்றாகச் சிதறும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமான, ஆர்க்கிட் எனும் 16 இலக்க எண் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கட்டாயமாக்க இதழ்க் குழுவுக்கு ஒரு தீர்மானம் போதும்.

கட்டுரைக்கு டிஓஐ எனும் நிலையான அடையாள எண்ணை வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த எண்ணைப் பதிந்து தரும் கிராஸ்ரெஃப் அமைப்பில் ஆண்டுச் சந்தாவுக்கு மேல், புதிய கட்டுரைக்கு ஒரு டாலர், பழையதற்கு 15 சென்ட். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த எண் வெறும் வழிகாட்டிப் பலகை. சங்கச் செயலாளர் மாறி, டொமைன் புதுப்பிக்கப்படாமல் தளம் வேறு முகவரிக்குப் போனால், புதிய முகவரியை கிராஸ்ரெஃபில் பதிய வேண்டும். பதியாவிட்டால் எல்லா எண்ணும் வெற்றிடத்துக்கே கூட்டிச் செல்லும்.

யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் உலகப் பட்டியலான டிஓஏஜே-யில் சேர விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 5 ஆய்வுக் கட்டுரையாவது வேண்டும். நம்மவர் சறுக்குவது வேறு இடங்களில். ஒரு பக்கத்தில் பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அடுத்த பக்கத்தில் ‘அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே’. ஆசிரியர் குழுவும் மதிப்புரைஞர்களும் எழுதும் கட்டுரைகள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியில் கல்லூரி இதழ்கள் பல அடிபடும். ஜனவரி இதழ் ஜூலையில் வந்தால் எந்தப் பட்டியலும் முகம் சுளிக்கும்.

இதில் இதழ் தயாரிக்கும் எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்காமல்தான் சொல்லியிருக்கிறேன். தங்கள் பக்கத்துக்கும் வருவோம். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மின்னிதழ்க் கட்டுரைகள் கணக்கில் சேராது என்று 2015-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் அறிவித்தது. 2020-இல் டிஓஏஜே பட்டியலில் உள்ள இதழ்களையும் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிறிய இதழ்கள் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுதன. அது பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு பத்தியும் படித்த நினைவில்லை. ‘பதினைந்தே நாளில் வெளியிடுகிறோம்’ என்று பணம் பறிக்கும் போலி இதழ்களைப் பற்றியும் அப்படியே. ஆனால் வாரம் தவறாமல் ‘வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்’ வருகிறது. எந்த நாடு, எந்த இதழ், எந்த ஆண்டு என்பது பரம ரகசியம். நம்மூர்க் கல்லூரி ஆய்வானால் ‘ஓர் ஆய்வு கூறுகிறது’ என்பதோடு சரி. ராசிபலனுக்காவது கணித்தவர் பெயர் போடுகிறீர்கள்.

ஆய்வுச் செய்தியின் அடியில் இதழின் பெயர், ஆண்டு, டிஓஐ எண் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். இணையப் பதிப்பில் அந்த எண்ணைச் சொடுக்கினால் கட்டுரை திறக்கும்படி இணைப்புக் கொடுங்கள். செய்திகளில் ஓர் ஆய்வு பேசப்படுவதைக் கணக்கெடுக்கும் எந்திரங்கள் பெரும்பாலும் அந்த இணைப்பை வைத்தே அடையாளம் காண்கின்றன. ஞாயிறு கட்டுரையிலிருந்தே தொடங்கலாம். அதில் மூன்று ஆய்வுகள் பேசப்பட்டன, ஒன்றுக்கும் இதழின் பெயர் இல்லை.

இப்படிக்கு,
மருத்துவ இதழ்த் தயாரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
மதுரை.