வடித்த தண்ணீர் எங்கே போகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். போனில் கூப்பிட்டால் "ஓகேப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

உறைந்த சாப்பாட்டை மைக்ரோவேவில் சுட வைக்கும்போது உருகும் தண்ணீர் தனியே வடிய என்று நீ டிசைன் பண்ணி, போஸ் லாஜு கூரியரில் அனுப்பிய சாம்பிள் தட்டுகள் வந்தன. கூடவே ஒரு சீட்டு, அதில் "டெஸ்ட் பண்ணிப் பாருங்கப்பா" என்று ஒரே வரி. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் ஒன்றும் இல்லை. வேலை அதிகம் போல.

முதலில் வேலையைப் பேசுவோம். பிறை ஃபேக்டரியில் அத்தனை காலம், பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அச்சில் இழுக்கிற தெர்மோஃபார்மிங் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான். மேல்தட்டில் சாப்பாடு, அதன் அடியில் ஓட்டை, கீழ்த்தட்டில் தண்ணீர் என்று இப்படி ஒன்றை என்னிடம் யாரும் செய்யச் சொன்னதே இல்லை. காப்பிக்கடையில் பழைய ஃபேக்டரி ஆள்களிடம் காட்டினேன். "டிராயிங் போடுவது சுலபம் அண்ணே" என்றான் ஒருத்தன். "நீ ஒன்று போட்டுக் காட்டு" என்றேன். வாயை மூடிக்கொண்டான். நிபோங் திபாலில் நீ பாலிமர் படிக்கப் போனபோது பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவனும் அவன்தான்.

அம்மா இறால் சம்பலும் கோஸ் பிரட்டலும் செய்து உன் தட்டில் போட்டு உறைய வைத்தாள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறைய வைக்கும். ஐஸ் பெரிது பெரிதாகக் கட்டி இறால் சதையைக் கிழித்துவிடும். அதனால் உங்கள் ஃபேக்டரியில் சடாரென்று உறைய வைப்பதைவிட எங்கள் தட்டில் தண்ணீர் கூடத்தான் விட்டிருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள். ஆனால் குறை அது மட்டும் இல்லை.

உன் ஓட்டைகள் சிறிசு. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றுகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்கிறது. தட்டு செய்த பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் தண்ணீர் ஒட்டாது என்பது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஓட்டையைப் பெரிதாக்கினால் சோறு விழும். போதாததற்குச் சம்பல் விழுது பாதி ஓட்டையை அடைத்துவிட்டது.

அடுத்ததுதான் பெரிய குறை. வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தாயா? அது எங்கும் போகவில்லை. அதே பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாத கீழ்த்தட்டில் கிடக்கிறது. மைக்ரோவேவ் ஐஸை அவ்வளவாகத் தொடாது, உருகின தண்ணீரைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் கீழே தண்ணீர் கொதிக்கிறது, மேலே நடு இறால் இன்னும் கல்லாக இருக்கிறது. கொதித்த தண்ணீர் ஆவியாகி ஓட்டை வழியே மேலே வந்து, மூடியில் பட்டு, மறுபடி சாப்பாட்டின் மேலேயே சொட்டுகிறது. அப்புறம் வடித்து என்ன பிரயோசனம்? கீழ்த்தட்டுக்கு அலுமினிய ஃபாயில் ஒட்டினால் அடியிலும் பக்கத்திலும் வரும் அலையைத் தடுக்கலாம். ஆனால் ஓரம் கசங்கினால் பொறி பறக்கும், விலையும் ஏறும், மறுசுழற்சிக்கும் போகாது. மூடியில் ஆவி போக வழி விடு. அதை முதலில் செய்.

அம்மா ஒன்று சொன்னாள், எழுதச் சொன்னாள். கஞ்சி வடிக்கிற பானையில் யாரும் ஓட்டை போடுவதில்லையாம், மூடியைப் பிடித்துச் சாய்த்தால் போதுமாம். எனக்கு அது சரியாகவே பட்டது. இரண்டு தட்டு வேண்டாம், ஒன்று போதும். அடியில் வரி வரியாக மேடு வை, சாப்பாடு மேட்டில் நிற்கட்டும். தரையை ஒரு மூலைக்குச் சரித்துவிடு, தண்ணீர் அங்கே சேரும். அந்த மூலையில் மூடிக்கு ஒரு வாய் வை. பாதிச் சூட்டில் நிறுத்தி, சிங்கில் சாய்த்துவிட்டு, மறுபடி வைக்கட்டும். பிடிக்கிற இடம் அந்த வாய்க்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் கொட்டும். பிளாஸ்டிக்கும் பாதியாகும். 2011-லேயே கடைகளில் ஓசிப் பிளாஸ்டிக் பையை நிறுத்தி, பைக்கு 20 காசு வாங்கிய பினாங்குக்காரி நீ, ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு தட்டா?

மேட்டை ரொம்ப ஆழமாக இழுக்காதே. ஷீட் மூலையில் மெலிந்துவிடும். உன் சாம்பிளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன், மூலையில் என் விரல் தெரிந்தது. இன்னொரு தட்டு ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது கை நழுவி விழுந்து ஓரம் தெறித்துவிட்டது. வேறெதுவும் கலக்காத பாலிப்ரொப்பிலீன், அதாவது ஹோமோபாலிமர் ஷீட்டாக இருக்கும், மைனஸ் 18-இல் அது தாங்காது. சப்ளையர் ஆயிரம் சொல்வான், நீ எத்திலீன் சேர்த்த கோபாலிமர் கேள்.

தட்டு ஒரு ஆள் அளவு. மாப்பிள்ளை சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு இது எந்த மூலைக்கு என்று அம்மா கேட்டாள். கம்பெனி கேட்ட அளவு அது என்று சொன்னேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கூட்டம் குறைந்ததா என்று வருஷா வருஷம் போன் போட்டுக் கேட்பார் மாப்பிள்ளை. இந்த வருஷம் போன் இல்லை. அவுட்ஸ்டேஷன் என்றாய். சரி. தீபாவளிக்கும் அவுட்ஸ்டேஷன்தான்.

நேரத்தோடு சாப்பிடு. இந்தப் பெட்டிச் சாப்பாட்டையே டெஸ்ட் என்று சொல்லித் தினமும் சாப்பிடாதே. போன மாதம் வீடியோ காலில் கன்னம் ஒட்டித் தெரிந்தது, அம்மா வெளிச்சம் சரியில்லை என்றாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பார்சலில் உங்கள் காஜாங் வீட்டு முகவரி இல்லை, செத்தாபாக் என்று இருந்தது. ஆபீஸ் முகவரி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதினேழாவது மாடி, யூனிட் நம்பர் எல்லாம் போட்டிருந்ததை அவள் கவனித்தாளா தெரியாது. கவனித்திருப்பாள். அவள் கண்ணுக்கு எது தப்பியிருக்கிறது? ஒன்றும் கேட்கவில்லை, இறாலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஈப்போ சித்தி விஷயத்தில் தாத்தா என்ன பேசினார், வாசலில் யாரை நிறுத்தி வைத்தார் என்று உனக்குத் தெரியும். நான் தாத்தா இல்லை பாப்பா. இவ்வளவுதான் எழுத வருகிறது.

ரயில் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் நாலு மணி சொச்சத்தில் பட்டர்வொர்த். காரை எடுத்துக்கொண்டு தனியாக வராதே, ராத்திரியில் லாரிக்காரன் ஓட்டுகிற ஓட்டம் சரியில்லை. வந்தால் அந்த மூலை வாய்க்கு அச்சு எப்படி வெட்டுவது என்று உட்கார்ந்தே வரைந்துவிடலாம். அளவெடுக்கிற பழைய வெர்னியர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரயிலில் வா. நேரத்தோடு சாப்பிடு.

தெறித்த தட்டையும் குறை எழுதின தாளையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். அம்மா நெத்திலி வறுத்துப் போட்டிருக்கிறாள், இரண்டு பேருக்கான அளவு. காஜாங்குக்கு அனுப்பட்டுமா, செத்தாபாக்குக்கா? எழுத வேண்டாம், மெசேஜில் ஊர்ப் பேரை மட்டும் போட்டால் போதும்.

அன்புடன்,
அப்பா