ஓடுகாலி என்று சொன்ன நண்பர்களுக்கு

என்னோடு உட்கார்ந்து என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஆட்டம் பார்க்கும் ரசிக நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு, கோல்ட்ஸ் அணிக்காகப் பந்து எறிந்து ஆட்டத்தை நடத்தி, சின்ன வயதிலேயே விலகிப்போன ஆண்ட்ரூ லக் பக்கம் திரும்பியது. "ஓடுகாலி" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறாததால் இந்த மடல்.

2019 ஆகஸ்ட் 24 இரவு நடந்தது உங்களுக்கே தெரியும். சீசனுக்கு முந்தைய ஆட்டம் முடிவதற்குள், லக் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி கசிந்துவிட்டது. மைதானத்தைவிட்டு நடந்துபோன 29 வயது மனிதரைக் கோல்ட்ஸ் ரசிகர்களே ஊளையிட்டு அனுப்பினார்கள். அந்த உடம்பு பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விலாவில் குருத்தெலும்பு கிழிந்தது. வயிற்றுத் தசை கிழிந்தது. சிறுநீரகம் காயப்பட்டு, சிறுநீரில் ரத்தம் போனது. பந்து எறியும் தோள் கெட்டுப்போய் 2017 சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அப்படியும் திரும்பி வந்து, 2018இல் அணியை பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று) வரை இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் கெண்டைக்கால், கணுக்கால். காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்று நான்கு வருடம் சுற்றிச் சுற்றி வந்ததாக அவரே சொன்னார். லேசாகக் காய்ச்சல் அடித்தால் இரண்டு நாள் லீவு போடுகிற நாம், சோபாவில் சாய்ந்துகொண்டு அவருக்குப் பெயர் வைக்கிறோம்.

தயவுசெய்து, போகிறவரைத் திட்டி அனுப்பாதீர்கள்.

விசுவாசம் வேண்டாமா என்கிறீர்கள். சரி, வேண்டும்தான். ஆனால் இந்த லீகில் பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு முழு உத்தரவாதம் கிடையாது. காயத்தால் வேகம் குறைந்தவரை அணி கழற்றிவிட்டால் அது 'பிசினஸ்'. அவரே கிளம்பினால் மட்டும் துரோகமா? கால்வின் ஜான்சன் ஒன்பது சீசன் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக ஆடி, 2016இல் விலகினார். ஏற்கெனவே கொடுத்த போனஸிலிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் திரும்ப வாங்கிக்கொண்டுதான் அவரை விட்டார்கள். பாவம், அணி முதலாளிகளுக்கு என்ன கஷ்டமோ! மைதானம் கட்ட ஊர் மக்களின் வரிப்பணம், வீரர் விலகினால் அவருடைய பணம். லக்கிடம் கோல்ட்ஸ் நிர்வாகம் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊளையிட்ட ரசிகர்களைவிட முதலாளி மேல் என்று நான் எழுத வேண்டி வந்ததே!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

இதே லீகில் ஆடிய கிறிஸ் போர்லண்ட் 24 வயதில், ஒரே சீசனோடு, தலையில் படும் அடிகளை யோசித்து விலகினார். இன்னொரு வீரர் ஜான் அர்ஷல் 26 வயதில் விலகி, எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டத்தை முடித்தார். மூளையை நம்பிப் பிழைக்கப்போகிறவர் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். இவர்களையும் அதே வார்த்தையால்தான் கூப்பிடுவீர்களா?

அடுத்த ஞாயிறும் வருவேன். நம் அணி தோற்றால் பயிற்சியாளரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். விலகிப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சோபாவின் இடது மூலைக்காரன்