தம்பி வீடு வந்து சேர்ந்தான்

ஏற்காட்டு உறவுகளுக்கும் சேலத்து நல்ல மனிதர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை என் தம்பி சேலம் மத்திய சிறையிலிருந்து விடுதலையானான். பஸ் மலையேறும்போது 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை ஜன்னலை விட்டு அவன் கண் நகரவில்லை. செய்யாத கொலைக்கு 6 வருஷம் 4 மாதம் உள்ளே இருந்த பிள்ளை.

ஆயுள் தண்டனைக்கு ஆதாரம் ஒரே ஒரு சாட்சி. ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் தம்பி முகத்தைப் பார்த்ததாகக் கூண்டில் ஏறிச் சொன்னார். அந்த விளக்கு எரிந்ததா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கேட்டவர், இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஒரு சாட்சியை மட்டும் நம்பியும் தண்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அந்தச் சாட்சி முழுக்க நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்று 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பொறுமையாக விளக்கினார்.

பிறகு அந்தச் சாட்சியே எங்கள் வாசலில் வந்து நின்று, சொன்னது பொய் என்று அழுதார். மறுநாளே கதவு திறந்துவிடும் என்று நினைத்தோம். தீர்ப்புக்குப் பிறகு பேச்சை மாற்றினால் கோர்ட் லேசில் நம்பாது, வேறு ஆதாரம் வேண்டும் என்றார் வக்கீல் அம்மா.

அதைக் கொடுத்தது லைன்மேன் அண்ணன். கொலை நடந்த அன்று சாயங்காலமே சில்வர் ஓக் மரம் விழுந்து கம்பி அறுந்து, விடிந்த பிறகுதான் கரண்ட் வந்தது என்று நினைவு வைத்துச் சொன்னார். ஈரம் பிடித்த கட்டுகளைப் புரட்டிப் பழைய பதிவேட்டைத் தேடியெடுத்த மின்வாரிய ஊழியர்களே, அந்த நாலு வரிதான் சென்னை உயர் நீதிமன்றத்தில் கூடுதல் சாட்சியமாக ஏறியது. உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

காப்பிப் பழம் பறித்த கூலியில் எங்கள் ரயில் செலவுக்கு எடுத்துவைத்த அக்காமார்களே, ஒவ்வொரு மனு நாளும் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுத் தம்பி, உங்களுக்கெல்லாம் என்ன கைம்மாறு செய்வேன்!

பொய் சொன்னவருக்கு நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் பொய் சாட்சிக்குத் தானே சிறை போக நேரிடும் என்று தெரிந்தும் வந்து ஒப்புக்கொண்டார். அதை மறக்க மாட்டேன்.

இறந்துபோன வாட்ச்மேன் அண்ணனின் சம்சாரம் இத்தனை வருஷமும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசினார். அவர் புருஷனைக் கொன்றது யார் என்று இன்னும் தெரியவில்லை. அந்த வழக்குக்காக அவர் எங்கே போனாலும் கூட நாங்கள் வருவோம்.

வரும் ஞாயிறு சேர்வராயன் கோயிலில் பொங்கல் வைக்கிறோம். எல்லாரும் வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெண்