மாற்றல் உத்தரவோடு ஒரு மாதம் தங்க இடமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்கா பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்னை, கோவை, பெங்களூரு கிளைகளில் இருந்து மாற்றலாகி வருபவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் என் தலையில்தான். யாரும் எழுதிக் கொடுத்த பொறுப்பு இல்லை. ஊர்க்காரி என்பதால் தானாக வந்து சேர்ந்தது. எட்டு வருடமாகச் செய்கிறேன். இந்த ஜூன் மாதம் ஒரு குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோவையில் இருந்து ஒரு தம்பி, மனைவியும் நாலு வயதுப் பெண் குழந்தையுமாக வந்து இறங்கினார். உத்தரவு வந்து பத்தாம் நாள் இங்கே சேர வேண்டும். மத்திய அரசில்கூட 1,000 கிலோமீட்டருக்குள் மாற்றல் என்றால் சேர்வதற்கு 10 நாள்தான் தருகிறார்கள். பழைய வீட்டைக் காலி செய்யவும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கவுமே அது சரியாகப் போய்விடும். புது ஊரில் வீடு எப்போது தேடுவது?

சனி, ஞாயிறு இரண்டு நாளில் 11 வீடு பார்த்தோம். நான் ஸ்கூட்டியில் முன்னால் போக, அவர்கள் ஆட்டோவில் பின்னால். புதூர், அண்ணா நகர், மேலமடை, ஒத்தக்கடை என்று சுற்றினோம். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்ததில் இருந்தே இந்தப் பக்கம் வீட்டுக்குக் கிராக்கிதான். இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று சில மாடி வீடுகளும் அப்படிப் போய்விட்டன. 'டு-லெட்' போர்டு தொங்குகிற தெருவைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது.

மேலமடையில் ஒரு மாடி வீடு மனசுக்குப் பிடித்திருந்தது. நல்ல காற்று. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. கரண்டுக்குத் தனி மீட்டர் இருந்தது. இதை நான் எந்த வீட்டிலும் முதலில் பார்த்துவிடுவேன். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடுகளில், மின் வாரியம் தருகிற 100 யூனிட் இலவசம் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. வாடகை 12,000, அட்வான்ஸ் 80,000 என்றார்கள். சரி என்றோம். அந்த அம்மா எங்களை உட்காரவைத்துக் காபியும் கொடுத்தார். கிளம்பும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். தம்பி சொன்னார். அந்த அம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார்.

போன் வரவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைத் தம்பியின் மனைவியிடம் சொன்னபோது, "கிரைண்டரை அந்த ஜன்னல் ஓரம் வைக்கலாம்னு பார்த்து வச்சிருந்தேன்க்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மாட்டுத்தாவணியில் லாட்ஜ் அறை, நாளைக்கு 1,400 ரூபாய். ஒன்பது நாளைக்கு 12,600. ஒரு மாத வாடகையை விடக் கூடுதல், அதுவும் சமையல் இல்லாமல். ஹோட்டல் சாப்பாட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒன்பதாம் நாள் வில்லாபுரத்தில் கிடைத்த வீட்டைப் பிடித்தார்கள். ஆபீசுக்கு ஊரின் மறுகோடி. அட்வான்ஸ் ஒரு லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கோவை வீட்டு அட்வான்ஸ் இன்னும் திரும்பி வராததால், செயினை அடகு வைத்துத்தான் கட்டினார்கள்.

2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால், இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அந்த மூன்று மாத வரம்பு பொருந்தாது. பிள்ளையோடு லாட்ஜில் கிடப்பவர், நீட்டுகிற பத்திரம் எதுவானாலும் கையெழுத்துப் போடத்தானே செய்வார்?

அந்த அவசரத்தைத்தான் போக்க வேண்டும் என்கிறேன். எங்கள் நிறுவனமே முன்பு ஒரு வருடம் கே.கே. நகரில் ஒரு வீட்டை எடுத்துப் போட்டு, மாற்றலில் வருபவர்கள் முதல் மாதம் தங்கக் கொடுத்தது. கட்டில், கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம், அவ்வளவுதான். அந்த வருடம் வந்த ஐந்து குடும்பமும் நிதானமாகப் பார்த்து, பிடித்த வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் செலவு என்று அதை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டுக்குக் கொடுத்த வாடகை எவ்வளவு, வீடு சரிப்படாமல் மூன்றாம் மாதமே ராஜினாமா செய்தவர்களின் இடத்துக்குப் புது ஆள் எடுத்துப் பழக்கிய செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அட்வான்ஸ் தொகையை வட்டியில்லாமல் கொடுத்து பத்து மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். மதுரையில் கிளை வைத்திருக்கும் மற்ற நிறுவனங்களையும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைக் கட்டிய கடன் உங்களுக்கு இருக்கும், வருகிறவர் யாரோ என்ற பயமும் இருக்கும். சம்பளச் சீட்டு கேளுங்கள், நிறுவனக் கடிதம் கேளுங்கள், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். எல்லாம் தருகிறோம். என்ன ஆளுக, கறி சமைப்பீர்களா என்பதை மட்டும் கேட்காதீர்கள். தனியாக வரும் பெண்களைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆனி முடிய இன்னும் 12 நாள் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆவணியில் வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குள் சென்னையில் இருந்து வரும் இரண்டு குடும்பங்களுக்கு நான் வீடு பார்த்தாக வேண்டும். ஒருவருக்கு வயதான அம்மா இருப்பதால் தரைத்தளமாக வேண்டும். புதூர், அண்ணா நகர் பக்கம் வீடு காலியாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசலில் ஒரு போர்டு மாட்டுங்கள். தினமும் சாயங்காலம் அந்தத் தெருக்களில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கே. புதூர், மதுரை - 7