பேச்சு முடியட்டும், அப்புறம் வாசிக்கலாம்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வார மாலை நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். எல்லோருக்கும் பயன்படும் தொழில்நுட்பம் பற்றிக் கலந்துரையாடல், அதன் பிறகு இசை என்று அறிவித்திருந்தீர்கள். எனக்கு இரண்டு காதிலும் மெஷின். தலைப்பைப் பார்த்துத்தான் சீட்டு வாங்கினேன்.

இரண்டாவது பேச்சாளர் வாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்து மேடையில் டிரம்ஸைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். டம். டம். நடுநடுவே ‘செக், செக்’. நெறியாளர் சிரித்தார், கூட்டமும் சிரித்தது, நிறுத்தச் சொல்ல ஆளில்லை. பளிங்குத் தரை, கண்ணாடிப் பேழைகள், அண்ணாந்து பார்க்கிற கூரை. ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்தது. மெஷினில் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டுதான், ஆனால் இப்படி எதிரொலிக்கிற இடத்தில் அதுவும் திணறிவிடும்.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பேசுவதைக் கைப்பேசியில் தட்டித் தட்டிக் காட்டினாள். நான்கு வரி வந்தது. ஐந்தாவது வரி: ‘ஸாரி, எனக்கும் கேக்கல.’

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பேச்சும் கேள்வி நேரமும் முழுதாக முடிந்த பிறகு இசையைத் தொடங்குங்கள். ஒலிச் சோதனையைக் கதவு திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நான் இசைக்கு எதிரி இல்லை. அந்தக் குழு நன்றாகவே வாசித்தது, மெஷினைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கால்வழியே தாளத்தை ரசித்தேன். ஆனால் கேள்வி நேரத்தை வெட்டி அல்லவா அவர்களுக்கு இடம் கொடுத்தீர்கள்? கையைத் தூக்கியபடி இருந்தேன், இசைக்கான நீல விளக்கைப் போட்டுவிட்டார்கள். புத்தாக்கம் என்ற சொல்லை அன்று மேடையில் எத்தனை முறை சொன்னார்களோ, எண்ணவாவது காது கேட்டிருக்கலாம்.

இதில் கண்டுபிடிக்கப் புதிதாக ஒன்றும் இல்லை. 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் இதே தொல்லைதான். பேச்சொலி அடங்கவே சுமார் 5.5 விநாடி ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. ஓர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விஷயத்தை இன்னோர் அருங்காட்சியகத்துக்கு நான் எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

பழைய காகிதம் மங்கிவிடக் கூடாது என்று 50 லக்ஸ் என்கிற மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நீங்கள். அந்த அக்கறையில் கொஞ்சம், பேழைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் கிடைக்கக் கூடாதா?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். இப்படி மாலையில் கதவைத் திறந்துவைப்பதே பெரிய காரியம். பகலெல்லாம் வேலையில் இருக்கிறவர்களுக்கு வேறு வழி இல்லை. அதனால்தான் தயவுசெய்து என்று மறுபடியும் கேட்கிறேன்: முதலில் பேச்சு, அது முடிந்த பிறகு இசை. முடிந்தால் கலந்துரையாடலைக் கம்பளம் விரித்த சின்ன அறைக்கு மாற்றுங்கள்.

அன்று கேட்க முடியாமல் போன என் கேள்வியையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், பேச்சாளர்களிடம் சேர்த்துவிடுங்கள். அறையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளைப் பதித்தால், மைக்கில் பேசுவது காந்தப்புலம் வழியாக நேரே என் மெஷினில் கேட்கும். பல பத்தாண்டுகளாக இருக்கிற நுட்பம் அது. எல்லோருக்குமான தொழில்நுட்பம் பற்றிப் பேசிய அந்தக் கூடத்தில் அது ஏன் இல்லை?

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் கை தூக்கியிருந்தவர்